ஆழ்ந்த புண்களுக்கு வெற்றிடக் கட்டு

லாரிச் சக்கரம் ஏறி இறங்கிய ஒரு காலை அறுவை மருத்துவர் முதன்முதலாகப் பார்க்கும்போது, எலும்பு முறிந்திருப்பதைக் காட்டிலும் அந்த எலும்பின்மீது இருக்க வேண்டிய சதையும் தோலும் இல்லாமற் போயிருப்பதே அவருக்குப் பெரும் கவலையைத் தருகிறது. முறிந்த எலும்பைக் கம்பிகளால் நிலைநிறுத்திவிடலாம். அதனை மூடுவதற்கு உயிருள்ள திசு வேண்டும். அது கிடைக்கும் வரை புண் காய்ந்துவிடாமலும் அழுகிவிடாமலும் காக்கப்பட வேண்டும். 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நேர்ந்தன. அவற்றில் 4,43,366 பேர் காயமுற்றனர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை தெரிவிக்கிறது. நீரிழிவினால் காலில் ஏற்படும் புண் இதற்குக் குறைந்த சிக்கல் அன்று. இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

இவ்விரு வகைப் புண்களும் மனிதனை வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில், படுக்கையில் கிடத்திவிடுகின்றன. நாட்கூலியை நம்பியுள்ள குடும்பத்தில் நோயாளியின் ஊதியத்தோடு, அவருக்குத் துணையாக மருத்துவமனையில் தங்குபவரின் ஊதியமும் நின்றுபோகிறது. காலைக் காப்பாற்றும் முயற்சி நீண்டுகொண்டே போகும்போது, ‘எடுத்துவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாமே’ என்று நோயாளியே கேட்கும் நிலையும் வருவதுண்டு.

இத்தகைய புண்களுக்குக் கடந்த முப்பது ஆண்டுகளாக வெற்றிடக் கட்டு என்னும் முறை கையாளப்பட்டு வருகிறது. பெருநகர மருத்துவமனைகளில் பழகிப்போன இம்முறையை மாவட்ட மருத்துவமனைகளும் இப்போது நாடுகின்றன. இக்கட்டு எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை, இயந்திரத்தை வாங்குவதற்கு முன் வேறு என்னென்ன ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பவற்றை மாணவரும் நிர்வாகிகளும் ஒருங்கே அறிந்திருப்பது நலம்.

கட்டின் அமைப்பு

பெயரைக் கேட்டு மருண்டுவிட வேண்டியதில்லை. இறந்துபோன திசுக்களை வெட்டி அகற்றித் தூய்மை செய்த புண்ணின் குழியில், நுண்துளைகள் நிறைந்த நுரைப்பஞ்சோ, உப்புநீரில் நனைத்த காஸ் துணியோ நிரப்பப்படுகிறது. அதன்மேல் ஒளி ஊடுருவும் ஒட்டுப் படலம் ஒன்று, சுற்றியுள்ள நல்ல தோலையும் சில அங்குல அகலத்துக்குச் சேர்த்து மூடுகிறது. படலத்தில் இட்ட சிறு துளை வழியே ஒரு குழாய் வெளியே வருகிறது. குழாயின் மறுமுனை, நீரைச் சேர்க்கும் குடுவை ஒன்றின் வழியாக, உறிஞ்சு பொறியுடன் இணைக்கப்படுகிறது. பொறி இயங்கியதும் பஞ்சு சுருங்கிக் கெட்டியாகிறது. புண்ணிலிருந்து ஊறும் நீர் குடுவைக்கு வந்து சேர்கிறது. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை கட்டு மாற்றப்படுகிறது. கிருமித் தாக்குதல் மிகுந்த புண்ணாயின் அதற்கும் முன்னதாகவே மாற்ற வேண்டும்.

வழக்கமான அழுத்தம், காற்று மண்டல அழுத்தத்தைவிட 125 மில்லிமீட்டர் பாதரசம் குறைவானது. காற்று மண்டல அழுத்தம் 760 மில்லிமீட்டர் என்பதை மாணவர் அறிவர். எனவே இது முழு வெற்றிடமன்று; ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு மட்டுமே. நீர்த் தம்பத்தில் அளந்தால் 1.7 மீட்டர் வரும். சிறிதெனத் தோன்றும் இவ்வழுத்தம் பரப்போடு பெருக்கப்படும்போது அவ்வளவு சிறிதாக இருப்பதில்லை. பத்து சென்டிமீட்டர் நீளமும் பத்து சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு புண்ணின்மீது, வெளிக்காற்று ஏறக்குறைய 17 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையுடன் அக்கட்டை அழுத்துகிறது. இந்தக் கணக்கை மாணவர் ஒருமுறை தம் கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. பின்னர்க் கூறப்படும் எச்சரிக்கைகள் பலவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

புண்ணில் நிகழ்வது என்ன?

முதலாவதாக, சுருங்கும் பஞ்சு புண்ணின் ஓரங்களை உள்நோக்கி இழுப்பதால் புண்ணின் பரப்புக் குறைகிறது. இரண்டாவதாக, திசுக்களில் தேங்கி வீக்கத்தை உண்டாக்கும் நீர் வெளியேறுகிறது. மூன்றாவதாக, பஞ்சின் நுண்துளைகளுக்குள் திசுவின் மேற்பரப்பு சிறிது சிறிதாக இழுபடுகிறது. இவ்வாறு இழுபடும் உயிரணுக்கள் பெருகத் தூண்டப்படுகின்றன என்று கருதப்படுகிறது. நான்காவது, எளிதாயினும் முக்கியமானது: புண் மூடிய நிலையில், ஈரமாகவும் உடல் வெப்பத்திலும் இருக்கிறது. இவற்றின் பயனாகப் புண்ணின் தளத்தில் சிவந்த, மணல்மணியாய்த் தோன்றும் குருணைத் திசு வளர்கிறது. அத்தளம் ஆயத்தமானால் அதன்மேல் தோலை ஒட்டவோ, பக்கத்துத் தசை மடலைத் திருப்பி மூடவோ இயலும்.

குருதி ஓட்டம் பற்றி ஒரு திருத்தம் வேண்டும். பன்றிகளின்மீது நிகழ்ந்த தொடக்ககால ஆய்வில் 125 மில்லிமீட்டர் அழுத்தத்தில் குருதி ஓட்டம் நான்கு மடங்காயிற்று என்று கண்டனர். பாடநூல்கள் பலவும் அதனையே திரும்பக் கூறுகின்றன. எனினும் கட்டுக்கு அடியில் உள்ள திசுவில் அழுத்தம் குறைவதற்கு மாறாக மிகுகிறது என்று 2009-இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். வெளிக்காற்று கட்டை அழுத்துகிறது என்ற மேற்கண்ட கணக்கை நினைவிற் கொண்டால் இது வியப்பளிக்காது. ஆகவே குருதி ஓட்டம் ஏற்கெனவே குன்றிய காலில், குறிப்பாக நீரிழிவு நோயாளியின் காலில், நாடித் துடிப்பையும் கணுக்காலின் குருதி அழுத்தத்தையும் பார்க்காமல் இக்கட்டைப் போடுதல் தவறு. காலைச் சுற்றிலும் வளையமாகப் படலத்தை இறுக ஒட்டுவதும் அவ்வாறே.

பழைய எண்ணம், புதிய கருவி

உறிஞ்சுதலைக் கொண்டு நோயைத் தீர்க்கும் எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதன்று. மாட்டுக் கொம்பையும் சுரைக்குடுவையையும் கொண்டு கெட்ட குருதியை உறிஞ்சி எடுக்கும் முறையைச் சுசுருத சங்கிதை விளக்குகிறது. அது ஒரு நாழிகைக்குள் முடிந்துவிடும் செயல். இன்றைய கட்டோ பல நாட்கள் இடைவிடாது இயங்குவது. இரண்டையும் ஒன்றெனக் கூறிப் பெருமை கொள்வதில் பயனில்லை.

இன்றைய முறைக்கு வழிவகுத்தவர் ஒருவரல்லர். சோவியத் நாட்டு அறுவை மருத்துவர்கள் 1980-களில் சீழ்ப் புண்களில் வெற்றிடத்தைப் பயன்படுத்தி எழுதினர். அமெரிக்காவில் சாரிக்கர், ஜீட்டர் ஆகியோர் 1989-இல் காஸ் துணியையும் சுவரிலிருந்து வரும் உறிஞ்சு குழாயையும் கொண்டு, குடற்புரையால் ஆறாத வயிற்றுப் புண்களை ஆற்றியதை வெளியிட்டனர். ஜெர்மனியில் ஃபிளைஷ்மான் 1993-இல் திறந்த எலும்பு முறிவுகளுக்கு நுரைப்பஞ்சைப் பயன்படுத்தினார். வட கரோலைனாவில் பணியாற்றிய அர்ஜென்டா, மோரிக்வாஸ் இருவரும் 1997-இல் வெளியிட்ட கட்டுரைகளே இம்முறையை உலகெங்கும் பரப்பின. அவர்களுடைய விலங்காய்வில் இடைவிடாத உறிஞ்சல் குருணைத் திசுவின் வளர்ச்சியை 63 விழுக்காடும், விட்டுவிட்டு இயங்கும் உறிஞ்சல் 103 விழுக்காடும் மிகுவித்தன. இரண்டாவது முறை சிறந்ததாயின் ஏன் அதனைக் கையாளவில்லை என்று மாணவர் கேட்கலாம். ஒவ்வொரு முறை பஞ்சு மீண்டும் சுருங்கும்போதும் நோயாளிக்கு வலிக்கிறது என்பதே பெருங் காரணம்.

இவ்வரலாற்றில் நமக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. 1989-ஆம் ஆண்டின் முறையில் தனிப் பொறி ஏதும் இல்லை.

சான்றுகள் கூறுவது

விற்பனையாளரின் வண்ணத் துண்டறிக்கையில் ஆறாத புண் ஒன்றேனும் இடம்பெறுவதில்லை. ஆய்வுகள் கூறுவது இதைவிட அடக்கமானது.

நீரிழிவினால் பாதத்தின் ஒரு பகுதி நீக்கப்பட்ட 162 பேரை இரு பிரிவாக்கி 16 வாரங்கள் கவனித்த அமெரிக்க ஆய்வு 2005-இல் வெளியாயிற்று. வெற்றிடக் கட்டுப் பெற்றவர்களில் 56 விழுக்காட்டினருக்கும், ஈரக் கட்டுப் பெற்றவர்களில் 39 விழுக்காட்டினருக்கும் புண் ஆறியது. பயன் உண்டு, ஆயினும் இக்கட்டைப் பெற்றவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அந்த நான்கு மாதத்தில் புண் ஆறவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

திறந்த கால் முறிவுகளைப் பற்றிய பிரிட்டிஷ் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. 460 நோயாளிகள் அதில் இடம்பெற்றனர். பன்னிரண்டு மாதங்களுக்குப் பின் அவர்களின் நடமாட்டத் திறனில் இரு பிரிவுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஆழ்ந்த கிருமித் தாக்குதல் வெற்றிடக் கட்டில் 7.1 விழுக்காடு, சாதாரணக் கட்டில் 8.1 விழுக்காடு, இதுவும் தற்செயலாக நேரக்கூடிய வேறுபாடே.

இதைக் கொண்டு ‘இம்முறை வீண்’ என்று முடிவு கட்டலாமா? என் கருத்தில் அது அவசர முடிவு. திறந்த முறிவுகளை 72 மணி நேரத்துக்குள் தசையாலோ தோலாலோ மூடிவிட வேண்டும் என்பது பிரிட்டனில் அறுவை மருத்துவர் வகுத்துள்ள நெறி. புண் மூன்று நாளில் மூடப்படும் இடத்தில் இடைக்காலக் கட்டு எதுவாயினும் பெரும் வேறுபாடு நேராது. நம் மாவட்டங்களிலோ ஒட்டுறுப்பு அறுவை மருத்துவரிடம் நோயாளி சென்று சேர்வதற்கே பல நாட்கள் ஆகிவிடுகின்றன. அந்த இடைக்காலத்தில் நாளுக்கு இருமுறை மூன்றுமுறை காய்ந்த துணியைப் பிய்த்தெடுக்கும் வேதனையையும், கட்டு மாற்றும் செவிலியரின் உழைப்பையும் வெற்றிடக் கட்டு வெகுவாகக் குறைக்கிறது. இம்முறையின் உண்மையான இடம் இதுவே: புண்ணை ஆற்றிவிடும் மருந்தாக அன்று, மூடும் அறுவை நடைபெறும் வரை புண்ணைப் பேணும் பாலமாக. பாலத்தைக் கட்டிவிட்டு மறுகரையை மறந்துவிட்ட நிகழ்ச்சிகளும் உண்டு. ஆறு வாரம் கட்டு மாற்றிக்கொண்டே இருந்து, தோல் ஒட்டுவதற்கு நாள் குறிக்காமல் விடுவது அத்தகையது.

தனிப் பொறி இல்லாத இடத்தில்

தனிப் பொறியும் அதற்கெனச் செய்த பஞ்சும் குடுவையும் இறக்குமதியாகும்போது, ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டிய பொருள்களின் விலையே நோயாளியை வருத்துகிறது. ஆகையால் நம் நாட்டு அறுவை மருத்துவர் பலர் கையிலிருக்கும் பொருள்களைக் கொண்டே கட்டை அமைக்கின்றனர். கிருமி நீக்கிய காஸ் துணி, உணவூட்டப் பயன்படும் ரைல்ஸ் குழாய், ஒட்டுப் படலம், சுவர்க் குழாயின் உறிஞ்சல் ஆகிய நான்கும் போதுமானவை. குழாயின் நுனியில் பக்கத் துளைகள் சில கூடுதலாக இட்டு, அதனைக் காஸ் துணியின் இரு அடுக்குகளுக்கு நடுவே வைக்க வேண்டும். குழாய் நேராகத் திசுவின்மீது படிந்தால் அவ்விடம் நசுங்கிப் புதுப் புண் உண்டாகும். காஸ் துணிக்கு 80 மில்லிமீட்டர் அளவிலான அழுத்தமே வழக்கம்.

கடையில் கிடைக்கும் மெத்தைப் பஞ்சைக் கிருமி நீக்கிப் பயன்படுத்துவோரும் உளர். நான் காஸ் துணியையே விரும்புவேன். மெத்தைப் பஞ்சின் எல்லாத் துளைகளும் ஒன்றோடொன்று திறந்திருப்பதில்லை. உதிர்ந்த துணுக்குகள் புண்ணிலேயே தங்கிவிடவும் கூடும்.

சுவர்க் குழாயைப் பயன்படுத்துவோர் ஒன்றை மறக்கலாகாது. அறுவை அரங்குக்கென அமைந்த உறிஞ்சல், அழுத்தச் சீராக்கி இல்லாவிடில், 300 மில்லிமீட்டருக்கும் மேலே செல்லும். சீராக்கியும் அளவு காட்டும் முகப்பும் இல்லாத குழாயில் இக்கட்டை இணைத்தல் கூடாது. விலை குறைந்த இந்த உறுப்பு வாங்கும் பட்டியலில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. மேலும், சுவரோடு இணைந்த நோயாளி படுக்கையை விட்டு நகர முடியாது. நடக்கக்கூடிய நோயாளிக்கு இது பெருங்குறை. மின்விசையால் இயங்கும் சாதாரண உறிஞ்சு பொறிகள் சில நிமிடப் பயனுக்காகச் செய்யப்பட்டவை. இரவு பகலாக ஓடினால் சூடேறிப் பழுதாகும்.

மின்சாரமே வேண்டாத வழியும் தேடப்பட்டுள்ளது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவி டேனியல் சுரோவ்சிக், துருத்தி போல் மடிந்து விரியும் பிளாஸ்டிக் பொறி ஒன்றை உருவாக்கினார். கையால் அழுத்தி விட்டால் அது விரியும்போது காற்றை உறிஞ்சும். சுமார் மூன்று டாலர் அடக்கமான அப்பொறி, 2010-ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் ஹைத்தியில் நோயாளிகளிடம் பயன்படுத்திப் பார்க்கப்பட்டது. அம்முயற்சியில் பொறியைவிடப் படலத்தின் ஓரத்தில் நுழையும் காற்றே பெருஞ் சிக்கலாக இருந்தது.

நம் நாட்டிலும் அதுவே நிலை. மே மாத வெக்கையில் வியர்க்கும் தோலில் படலம் ஒட்டாது. மயிர் நீக்கி, தோலை நன்கு உலர்த்தி, டிங்ச்சர் பென்சாயின் தடவிக் காய்ந்த பின் ஒட்டினால் பிடிக்கும். எலும்பை நிலைநிறுத்திய வெளிக் கம்பிகளைச் சுற்றிப் படலத்தைத் துண்டு துண்டாக ஒட்ட வேண்டும். குதிகாலிலும் இடுப்புக்குக் கீழும் இது கைப்பழக்கத்தால் மட்டுமே வரும். கட்டைத் தொட்டுப் பார்த்தால் கெட்டியாக, சுருங்கிய திராட்சை போல் இருக்க வேண்டும். மெத்தென்று உப்பியிருந்தால் காற்று புகுகிறது என்று பொருள்.

இரவு நேரக் கண்காணிப்பு

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009-இல் எச்சரிக்கை ஒன்றை வெளியிட்டது. அதற்கு முந்தைய இரண்டாண்டுகளில் இக்கட்டைச் சார்ந்து 6 மரணங்களும் 77 தீங்குகளும் தெரிவிக்கப்பட்டிருந்தன. 2011-இல் மேலும் 6 மரணங்களும் 97 தீங்குகளும் சேர்ந்தன. மரணங்களுக்குப் பெருங் காரணம் குருதிப்பெருக்கு. வீடுகளிலும் நெடுநாள் பராமரிப்பு இல்லங்களிலும், அதாவது தேர்ந்தவரின் கண் எப்போதும் படாத இடங்களில், இவற்றுள் பெரும்பாலானவை நேர்ந்தன.

உறிஞ்சலின் கொடுமை இதுதான்: சாதாரணக் கட்டில் கசியும் குருதி துணியில் உறைந்து தானே நிற்கக்கூடும், இங்கோ பொறி அதனை இழுத்துக்கொண்டே இருக்கும். எனவே குருதிக் குழாய், நரம்பு, குடல் ஆகியவை வெளியே தெரியும் புண்ணில் அவற்றைத் திசுவாலோ தடுப்புத் துணியாலோ மூடாமல் இக்கட்டைப் போடலாகாது. குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து உண்பவரிடம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். புற்றுநோய் உள்ள புண்ணிலும், மருத்துவம் செய்யப்படாத எலும்புச் சீழ் உள்ள இடத்திலும், இறந்த கருந்திசு மூடியிருக்கும் புண்ணிலும் இதற்கு இடமில்லை. அழுகலை வெட்டி எடுக்காமல் அதன்மேல் கட்டைப் போட்டால், அழுகல் உள்ளே பரவுவது கண்ணுக்கு மறைந்துவிடும். கத்திக்கு மாற்றாக எந்தப் பொறியும் இல்லை.

இரவுப் பணியிலுள்ள செவிலியர் குடுவையில் புதுக் குருதி திடீரென வருவதைக் கண்டால், மருத்துவரைத் தேடிப் போவதற்கு முன் உறிஞ்சலை நிறுத்த வேண்டும். கட்டைப் பிரிக்காமல் அதன்மேலேயே கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆளனுப்ப வேண்டும். இந்த இரண்டு வரிகளையும் வட்டார மொழியில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் தொங்கவிடுவது, சில மருத்துவமனைகளில் கண்ட நல்ல வழக்கம்.

மின்தடை வேறொரு ஆபத்து. உறிஞ்சல் நின்றுபோன கட்டு, வெதுவெதுப்பான ஈரத்தை உள்ளே அடைத்துவைத்த பையாகிவிடுகிறது. கிருமிகளுக்கு அதைவிட வாய்ப்பான இடமில்லை. ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உறிஞ்சல் நின்றால் கட்டை முழுவதும் எடுத்துவிட்டு உப்புநீர்த் துணிக் கட்டுப் போட வேண்டும் என்பது விதி. மின்தடைக்கு மாற்று மின்னாக்கி உள்ள வார்டு எது என்பதை முன்கூட்டியே அறிந்து, இந்நோயாளிகளை அங்கேயே வைக்க வேண்டும்.

உள்ளே வைத்த பஞ்சுத் துண்டுகளின் எண்ணிக்கையைப் படலத்தின்மீதே எழுதிவிட வேண்டும். அடுத்த கட்டை மாற்றுபவர் வேறொருவராக இருப்பார். ஒரு துண்டு உள்ளே தங்கி, அதன்மேல் சதை வளர்ந்து மூடினால், பின்னர் வரும் சீழுக்குக் காரணம் காண்பது அரிது.

குடுவையில் சேரும் நீரின் அளவை நாள்தோறும் குறிப்பது சடங்கன்று. அந்நீரில் புரதம் வெளியேறுகிறது. குருதிச் சோகையுற்ற, அரை வயிறு உண்ணும் நோயாளியின் புண்ணில் குருணைத் திசு வளராததற்குப் பொறியைக் குறை கூறுவது வழக்கம். வார்டு உணவில் முட்டையும் பருப்பும் உண்டா என்பதை முதலில் கேட்க வேண்டும்.

வாங்குவோர் கவனத்துக்கு

பொறியின் விலை ஒருமுறைச் செலவு. கட்டுப் பொருள்களின் செலவோ நிற்பதில்லை. ஒரு நோயாளிக்கு இரண்டு வாரம், மூன்று நாளுக்கு ஒரு மாற்றம் என்று கொண்டால் ஐந்து கட்டுகள் வேண்டும். மாதம் பத்து நோயாளிகள் வரும் மருத்துவமனைக்கு ஐம்பது. இவ்வெண்ணை ஆண்டுத் தேவைப் பட்டியலில் சேர்க்காமல் பொறியை மட்டும் வாங்கினால், சில மாதங்களில் அது உறையிட்டு மூலையில் நிற்கும். ஒரு நிறுவனத்தின் குடுவை மற்றொன்றின் பொறியில் பொருந்தாது என்பதால், ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே பொறிக்கும் மாற்றுப் பொருள்களுக்கும் சேர்த்து விலை கேட்பது அறிவுடைமை. 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகள் அனைத்தும் மருந்துச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டுள்ளன. விற்பவரிடம் உரிய பதிவு உள்ளதா என்று பார்ப்பது வாங்கும் அதிகாரியின் பொறுப்பாகிறது.

கழிவும் கணக்கில் வர வேண்டும். 2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி குருதியும் சீழும் படிந்த பஞ்சும் துணியும் மஞ்சள் பைக்கும், பிளாஸ்டிக் குழாய்கள் சிவப்புப் பைக்கும் செல்ல வேண்டும். குடுவையில் சேர்ந்த நீரைக் கிருமி நீக்காமல் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றலாகாது. ஒரு குடுவையை இரு நோயாளிகளுக்குப் பயன்படுத்துவதும், கழுவி மீண்டும் மாட்டுவதும் சிக்கனம் என்ற பெயரில் நடப்பதுண்டு. ஒருவரின் புண்ணிலுள்ள கிருமி அடுத்த கட்டிலுக்குப் போய்ச் சேர அதுவே வழி. பயிற்சிக்கு அனுப்பும் செவிலியரை, திரும்பி வந்ததும் வேறு வார்டுக்கு மாற்றாமல், குறைந்தது ஓராண்டேனும் அறுவை வார்டிலேயே பணியில் இருத்த வேண்டும். பணி ஆணை வெளியிடும்போதே இதனைக் குறிப்பிட்டுவிடலாம்.